இலேசான அறிதிறன் குறைபாடு: மறதிநோயை முன்கணிக்கும் முயற்சியின் வரலாறு

முதியவர் ஒருவரின் நினைவாற்றலோ சிந்தனைத் திறனோ அவருடைய வயதில் எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் குறைந்திருந்தும், அவர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடிகிற நிலை இலேசான அறிதிறன் குறைபாடு எனப்படும். இது இயல்பான முதுமைக்கும், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலை. இந்நிலையில் உள்ளவர்களில் சிலர் சில ஆண்டுகளில் மறதிநோய்க்கு ஆளாகிறார்கள். சிலர் பல ஆண்டுகள் அதே நிலையில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இம்மூவரில் யார் எந்த வழியில் செல்வார் என்பதை முன்கூட்டி அறியும் முயற்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது.

இந்த முயற்சியில் கருவிகள் பெரிதும் முன்னேறியுள்ளன. 1960களில் உரையாடலும் கவனிப்பும் மட்டுமே மருத்துவரிடம் இருந்தன. இன்று ஒரு குழாய் இரத்தத்தைக் கொண்டே மூளையில் நோய்ப் படிவு இருக்கிறதா என்று கணிக்க முடிகிறது. எனினும் ஒரு சிக்கல் தொடக்கம் முதல் இன்றுவரை தொடர்கிறது. ஆய்வுகள் தரும் எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றியவை; நோயாளி கேட்பதோ தம் ஒருவரைப் பற்றி. அந்த எண்களும் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் எங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறுகின்றன. இவ்விரண்டையும் புரிந்துகொள்ள இத்துறையின் வரலாறு உதவும்.

முதுமையா, நோயா?

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநலக் காப்பகத்தில் 1901ஆம் ஆண்டு ஆகஸ்ட் டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். அப்பெண்ணுக்கு நினைவிழப்பும் குழப்பமும் இருந்தன. அவர் 1906இல் இறந்தபின் அவரது மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிய இழைச் சிக்கல்களும் தென்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். எமில் கிரேப்பலின் 1910இல் வெளியான தமது மனநோயியல் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அல்சைமர் நோய் என்பது நடுவயதில் வரும் அரிய நோயாகவே கருதப்பட்டது. எழுபது, எண்பது வயதில் வரும் மறதி மூப்பின் இயற்கையான விளைவு என்று ஒதுக்கப்பட்டது. முதுமையின் இயல்பு என்று கருதப்பட்ட ஒன்றை முன்கணிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை.

இந்நிலையை மாற்றியவற்றுள் இரண்டு பணிகள் முக்கியமானவை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கேரி பிளெஸ்ஸட், பெர்னார்ட் டாம்லின்சன், மார்ட்டின் ராத் ஆகியோர் முதியவர்களை உயிருடன் இருந்தபோது மதிப்பிட்டு, இறந்தபின் அவர்களது மூளையில் இருந்த படிவுகளை எண்ணினர். படிவுகள் கூடக் கூட மறதியும் செயலிழப்பும் கூடியிருந்ததை 1968இல் வெளியிட்டனர். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் 1976இல் எழுதிய தலையங்கக் கட்டுரையில், நடுவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய்தான், வயதை வைத்துப் பிரிப்பது பொருளற்றது என்று வாதிட்டார். அரிய நோய் என்று நினைக்கப்பட்டது, ஒரே நாளில் முதுமையின் பெருநோய்களுள் ஒன்றாகியது.

நியூகாசில் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மறதிநோய் இல்லாமல் இறந்த சிலரின் மூளையிலும் படிவுகள் காணப்பட்டன. படிவு இருந்தால் நோய் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது என்பது இதனால் தெரிந்தது. பின்னாளில் முன்கணிப்பைச் சிக்கலாக்கிய கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது.

இரண்டு வகை மறதி

மறதியின் தன்மையைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் மனநல மருத்துவர் வி. ஏ. கிரால். இவர் பிராகா நகரைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிக்களின் டெரசின் முகாமில் அடைபட்டு உயிர் தப்பியவர். போருக்குப் பின் கனடாவின் மான்ட்ரியல் நகரில் குடியேறி முதியோர் மனநலத்தில் பணியாற்றினார்.

கிரால் 1962இல் வெளியிட்ட கட்டுரையில் முதுமை மறதியை இரண்டாகப் பிரித்தார். முதல் வகையில் ஒருவர் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருப்பார். அதிலுள்ள ஒரு பெயரோ தேதியோ மட்டும் நழுவும். இன்று நழுவியது நாளை நினைவுக்கு வரும். தம் மறதியை அவரே உணர்ந்து வருந்துவார். இதைத் தீங்கற்ற மறதி என்றார். இரண்டாம் வகையில் நிகழ்ச்சியே நினைவிலிருந்து போய்விடும். பேத்தியின் திருமணத்தில் யார் யார் வந்தார்கள் என்பதை மறப்பது முதல் வகை என்றால், திருமணத்துக்குப் போனதையே மறப்பது இரண்டாம் வகை. இடமும் காலமும் குழம்பும். விடுபட்ட இடத்தை நடக்காத செய்திகளால் நிரப்புவதும் உண்டு. இதைத் தீய மறதி என்றார். தொடர்ந்து கவனித்ததில் இரண்டாம் வகையினர் விரைவில் இறப்பதையும் அவர் கண்டார்.

கிராலின் பிரிவினை எளிமையானது, பயனுள்ளதும்கூட. ஆனால் தீங்கற்றது என்று அவர் கருதிய மறதி சிலரிடம் பிற்காலத்தில் மறதிநோயாக மாறியது. தொடக்க நிலையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்பது மெல்லத் தெளிவாயிற்று.

இடைநிலைக்குப் பெயர்

1970களிலும் 1980களிலும் மறதியை அளக்கும் கருவிகள் உருவாயின. மார்ஷல் போல்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் 30 மதிப்பெண் கொண்ட சுருக்கமான மனநிலைத் தேர்வை வெளியிட்டனர். நாள், இடம், மூன்று சொற்களை நினைவில் வைத்தல், கழித்தல், படித்தல், எழுதுதல், வரைதல் ஆகியவை அதில் அடங்கும். செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 1982இல் உருவாக்கிய அளவுகோலில் 0 என்பது நலம், 1 என்பது இலேசான மறதிநோய், இடையில் 0.5 என்ற படி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் நியூயார்க்கில் பாரி ரைஸ்பெர்க் ஏழு படிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அதன் மூன்றாம் படி இன்று நாம் சொல்லும் இலேசான அறிதிறன் குறைபாட்டுக்கு நிகரானது.

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் குழு ஒன்று 1986இல் வயதுசார் நினைவுக் குறைபாடு என்ற பிரிவை முன்வைத்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களின் மதிப்பெண்ணை இளைஞர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும் என்றது அது. அப்படி ஒப்பிட்டால் முதியவர்களில் மிகப் பலர் குறைபாடு உடையவர்களாகிவிடுவார்கள். எனவே எதிர்காலத்தைக் கணிக்க இப்பிரிவு உதவவில்லை. 1991இல் நியூயார்க் குழுவைச் சேர்ந்த சார்லஸ் பிளிக்கர், ஸ்டீவன் பெரிஸ், ரைஸ்பெர்க் ஆகியோர் இலேசான அறிதிறன் குறைபாடு உடையவர்களில் மறதிநோய் வரப்போவதை எவை முன்னறிவிக்கும் என்பதையே தலைப்பாகக் கொண்டு கட்டுரை வெளியிட்டனர்.

ரோச்செஸ்டர், 1999

இக்கருத்தை உலகெங்கும் பரவச் செய்தவர் ரொனால்ட் பீட்டர்சன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1999இல் தம் குழுவினருடன் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து நிபந்தனைகளைப் பயன்படுத்தினார். நினைவு குறைந்துவிட்டது என்ற முறையீடு இருக்க வேண்டும். தேர்வில் வயதுக்கேற்ற அளவைவிட நினைவு குறைந்திருக்க வேண்டும். பொதுவான அறிதிறன் இயல்பாக இருக்க வேண்டும். அன்றாடச் செயல்கள் குன்றாதிருக்க வேண்டும். மறதிநோய் இருக்கக் கூடாது.

இந்நிபந்தனைகள் பொருந்திய 76 பேரும், நலமுள்ள 234 பேரும், இலேசான அல்சைமர் நோயுடைய 106 பேரும் இந்த ஆய்வில் ஒப்பிடப்பட்டனர். குறைபாடு உடையவர்களில் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் பேர் மறதிநோய்க்கு ஆளாயினர். நலமுள்ளவர்களில் இது 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. பல மடங்கு வேறுபாடு. இந்த எண்ணே மருத்துவர் அறைகளிலும் பாடநூல்களிலும் இடம்பிடித்தது. ஆண்டுக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது பலரும் எடுத்தாளும் கணக்காயிற்று.

இடம் மாறினால் எண்ணும் மாறும்

இந்த எண் எல்லா ஊர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்குப் பிரான்சிலிருந்து விடை வந்தது. மோன்பெலியே நகரில் காரென் ரிச்சியும் உடன் பணியாற்றியவர்களும் மருத்துவரை நாடி வந்தவர்களை மட்டும் பார்க்காமல், பொதுமக்களிடையே வாழும் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 2001இல் வெளியான அவர்களது முடிவின்படி, குறைபாடு உடையவர்களில் மூன்று ஆண்டுகளில் 11.1 சதவீதம் பேருக்கே மறதிநோய் வந்தது. ரோச்செஸ்டரில் ஏறத்தாழ ஓர் ஆண்டில் நடந்தது இங்கே மூன்று ஆண்டுகளில் நடந்தது. அத்துடன் ஓர் ஆண்டில் குறைபாடு உடையவர் என்று குறிக்கப்பட்டவர் மறு ஆண்டில் அப்பட்டியலில் இல்லாமல் போவதும், புதியவர் சேர்வதும் வழக்கமாக இருந்தன. போர்தோ நகரைச் சார்ந்த இன்னோர் ஆய்வு 2002இல், இரண்டு மூன்று ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இயல்பு நிலைக்குத் திரும்பியதைக் காட்டியது.

அலெக்ஸ் மிட்செல், மோஜ்தபா ஷிரி-பெஷ்கி இருவரும் 2009இல் 41 தொடராய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். மேயோ வரையறையைப் பயன்படுத்திய ஆய்வுகளில், சிறப்பு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 9.6 சதவீதம் பேரும், பொதுமக்கள் ஆய்வுகளில் 4.9 சதவீதம் பேரும் மறதிநோய்க்கு ஆளாயினர். குறைபாடு உடையவர்களில் பெரும்பாலோர் பத்து ஆண்டுகள் கடந்தும் மறதிநோய்க்கு ஆளாவதில்லை என்பது அவர்களது முடிவு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. மறதி தம்மையோ குடும்பத்தாரையோ உறுத்தும் அளவுக்கு வளர்ந்தபின்தான் ஒருவர் நினைவு மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே வருபவர்களிடம் நோய் ஏற்கெனவே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வீடு வீடாகச் சென்று தேர்வு வைத்தால், அன்று தூக்கம் கெட்டவர், மனச்சோர்வில் இருப்பவர், தைராய்டு குறைபாடோ வைட்டமின் பி12 குறைபாடோ உள்ளவர், மயக்கம் தரும் மாத்திரை உட்கொள்பவர், பள்ளிக்கே செல்லாதவர் ஆகியோரும் குறைந்த மதிப்பெண் பெறுவார்கள். இவர்களில் பலருடைய குறை சரிசெய்யக் கூடியது.

திரும்பியவர்கள் முழுவதும் தப்பிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க அல்சைமர் ஆய்வு மையங்களின் பதிவுகளிலிருந்து தாமஸ் கெப்செல், சாரா மான்செல் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் ஓர் ஆண்டில் 16 சதவீதம் பேர் இயல்பு நிலைக்கோ அதையொட்டிய நிலைக்கோ திரும்பியிருந்தனர். ஆனால் என்றுமே குறைபாடு இல்லாதவர்களைவிட, அவர்களுக்குப் பின்னாளில் அறிதிறன் குறையும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது.

வரையறையையும் மாற்ற வேண்டியிருந்தது. 2003இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய வல்லுநர்கள், நினைவு குறைந்தவர்கள், நினைவு குறையாமல் மொழி, திட்டமிடல் போன்றவை குறைந்தவர்கள் என்றும், ஒரு திறன் மட்டும் குறைந்தவர்கள், பல திறன்கள் குறைந்தவர்கள் என்றும் பிரித்தனர். நினைவு குறைந்தவர்கள் அல்சைமர் நோயை நோக்கிச் செல்வதற்கும், மற்றவர்கள் வேறு வகை மறதிநோய்களை நோக்கிச் செல்வதற்கும் வாய்ப்பு கூடுதல் என்பது இப்பிரிவின் அடிப்படை.

எழுத்தறியாதவரை அளப்பது

அளவுகோல் பிறந்த சமூகத்துக்கு வெளியே அதைக் கொண்டு செல்லும்போது வரும் இடரை இந்தியா காட்டியது. அரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் 1990களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து மறதிநோய் ஆய்வு நடத்தினர். போல்ஸ்டீனின் தேர்வு படிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும் கேட்கிறது. எழுத்தறியாத முதியவர் இவற்றில் மதிப்பெண் இழந்தால் அது மறதியின் அறிகுறி அன்று. மேரி கங்குலியும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட இந்தி வடிவத்தில், படித்தும் எழுதியும் செய்ய வேண்டிய பணிகளுக்குப் பதிலாகப் பார்த்துச் செய்வதும் வாயால் சொல்வதுமான பணிகள் வைக்கப்பட்டன.

அன்றாடச் செயல்களை மதிப்பிடுவதும் எளிதாக இல்லை. காசோலை எழுதுதல், வண்டி ஓட்டுதல் போன்ற கேள்விகள் அக்கிராமத்து முதியவர்களுக்குப் பொருந்தவில்லை. மகனும் மருமகளும் பொறுப்புகளை ஏற்றுக்கொண்ட கூட்டுக் குடும்பத்தில், முதியவரின் செயல்திறன் குறைந்ததை யாரும் கவனிக்காமலே போகலாம். எனவே இந்தியச் சூழலுக்கென அன்றாடத் திறன் அளவுகோல் ஒன்றும் உருவாக்கப்பட்டது. அன்றாட வேலை கெடவில்லை என்பதே இலேசான குறைபாட்டுக்கும் மறதிநோய்க்கும் இடையிலான கோடு. அந்தக் கோட்டை எங்கே வரைவது என்பது, அந்தச் சமூகம் முதியவரிடம் என்ன வேலையை எதிர்பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே ஒரு நாட்டின் முன்கணிப்பு எண்ணை இன்னொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச்செல்ல முடியாது.

மூளைக்குள் பார்த்தல்

மதிப்பெண்கள் தடுமாறியதால், ஆய்வாளர்கள் நோயின் உடல்சார் அடையாளங்களைத் தேடினர். இவை உயிரிக் குறிப்பான்கள் எனப்படும்.

ஜெர்மனியில் ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதியர் 1991இல் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, இழைச் சிக்கல்கள் பரவும் வரிசையை ஆறு நிலைகளாக வகுத்தனர். நினைவு உருவாகும் ஹிப்போகாம்பஸ் பகுதியை ஒட்டிய இடத்தில் அவை தொடங்கி, பிறகு மூளையின் மேற்பரப்பெங்கும் பரவுகின்றன. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிடுகிறது என்பதை இவ்வரிசை காட்டியது. அப்படியானால் இடைநிலையில் இருப்பவர்களிடம் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்க வேண்டும். மேயோ மருத்துவமனையின் கிளிபர்ட் ஜாக் குழுவினர் இலேசான குறைபாடு உடைய 80 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துத் தொடர்ந்து கவனித்தனர். 27 பேருக்கு மறதிநோய் வந்தது. தொடக்கப் படத்தில் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்ததை 1999இல் வெளியிட்டனர்.

மரபணுவும் ஒரு குறிப்பானாகியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழுவினர், முதுமையில் அல்சைமர் நோய் வந்த 42 குடும்பங்களை ஆராய்ந்து 1993இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அப்போ-ஈ என்ற மரபணுவின் நான்காம் வகை ஒருவரிடம் எத்தனை படிகள் உள்ளனவோ அதற்கேற்ப அக்குடும்பங்களில் நோய்வாய்ப்பு 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்ந்தது. நோய் தொடங்கும் சராசரி வயது 84இலிருந்து 68ஆகக் குறைந்தது. இந்த எண்களும் நோய் மிகுந்த குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பெறப்பட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இந்த மரபணு வகை உள்ள பலர் நோயின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

முதுகெலும்பின் வழியாக எடுக்கப்படும் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் அடையாளங்கள் கிடைத்தன. அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதத் துண்டு மூளையில் படிந்துவிடுவதால் திரவத்தில் அதன் அளவு குறைகிறது. டௌ புரதத்தின் அளவு கூடுகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் இருவரும் உருவாக்கிய வேதிப்பொருள் அமிலாய்டு படிவில் ஒட்டிக்கொண்டு பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தது. சுவீடனின் உப்சாலா நகர ஆய்வாளர்களுடன் இணைந்து மனிதரில் பெற்ற முதல் படங்களை 2004இல் வெளியிட்டனர். அதுவரை இறந்தபின் மட்டுமே காணமுடிந்த படிவு உயிருள்ளவரிடம் தெரிந்தது.

அதே 2004இல் மைக்கேல் வெய்னர் தலைமையில் அமெரிக்காவில் அல்சைமர் மூளைப்படவியல் பெருந்திட்டம் தொடங்கியது. நலமுள்ளவர்கள் 200 பேர், இலேசான குறைபாடு உடையவர்கள் 400 பேர், அல்சைமர் நோயாளிகள் 200 பேர் என்பது அதன் தொடக்க இலக்கு. திரட்டிய தரவுகள் உலகெங்குமுள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. முன்கணிப்புக் கணினி மாதிரிகள் பலவற்றுக்கு இத்தரவே பயிற்சிக் களமாயிற்று.

95ம் 83ம் சொல்வது என்ன?

சுவீடனின் மால்மோ நகரில் ஆஸ்கர் ஹான்சன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு முன்கணிப்பின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. இலேசான குறைபாடு உடைய 137 பேரின் தண்டுவடத் திரவம் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டது. நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் அவர்கள் கவனிக்கப்பட்டனர். 57 பேருக்கு, அதாவது 42 சதவீதத்தினருக்கு அல்சைமர் நோய் வந்தது. டௌ, அமிலாய்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்த சோதனை, நோய் வரப்போகிறவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது; மற்றவர்களில் 83 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது.

இவை உயர்ந்த எண்கள். சோதனையில் நோய் உண்டு என்று வந்த ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மால்மோவைப் போன்ற மருத்துவமனையில் 100 பேர் என்றால், 42 பேருக்கு நோய் வரப்போகிறது. அவர்களில் 40 பேரைச் சோதனை பிடிக்கும். மீதி 58 பேரில் 10 பேரையும் தவறாகக் குறிக்கும். மொத்தம் குறிக்கப்பட்ட 50 பேரில் 40 பேருக்கு, அதாவது ஐவரில் நால்வருக்கு நோய் வரும்.

அதே சோதனையைப் பொதுமக்களிடையே, அதே காலத்தில் பத்தில் ஒருவருக்கு மட்டுமே நோய் வரக்கூடிய 1000 பேரிடம் செய்வதாக வைத்துக்கொள்வோம். நோய் வரப்போகும் 100 பேரில் 95 பேரைப் பிடிக்கும். மற்ற 900 பேரில் 153 பேரைத் தவறாகக் குறிக்கும். குறிக்கப்பட்ட 248 பேரில் 95 பேருக்கே நோய் வரும். சோதனை ஒன்றுதான், ஆனால் மருத்துவமனையில் பெரும்பாலும் சரியாக இருந்த எச்சரிக்கை, ஊரில் பாதிக்கும் மேல் தவறாகிறது. மறுபுறம், நோய் இல்லை என்று வந்த 752 பேரில் ஐந்து பேரைத் தவிர மற்றவர்களுக்கு அது சரியான செய்தி. அச்சுறுத்தும் முடிவைவிட ஆறுதல் தரும் முடிவே நம்பத்தக்கதாக இருக்கிறது. எத்தனை நுட்பமான சோதனைக்கும் இக்கணக்கு பொருந்தும்.

படிவு இருந்தும் நோய் வெளிப்படாதவர்களும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளைத் தொடர்ந்து ஆய்வு செய்தார். அவர்களில் 101 வயதில் இறந்த ஒருவர் இறுதிவரை அறிதிறன் தேர்வுகளில் நன்றாகச் செய்தவர். அவரது மூளையிலோ அல்சைமர் நோயின் படிவுகள் மிகுதியாக இருந்தன. படிவைக் கண்டறிவதும் எதிர்காலத்தைக் கண்டறிவதும் ஒன்றல்ல.

முன்கணிப்பை நம்பிய மருந்தாய்வுகள்

நோய் முற்றும் முன் மருந்து கொடுத்தால் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பெரிய ஆய்வுகள் தொடங்கின. பீட்டர்சன் தலைமையில் 769 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. டொனெபெசில் மருந்து முதல் ஆண்டில் நோய்க்கு மாறுவதைக் குறைத்தது. மூன்று ஆண்டு முடிவில் அந்த நன்மை நிலைக்கவில்லை. வைட்டமின் ஈ பயன் தரவில்லை.

ரோபெகாக்சிப் என்ற அழற்சி மருந்தை 1457 பேரிடம் சோதித்த ஆய்வும் 2005இல் வெளிவந்தது. ஆண்டுக்கு 10 முதல் 15 சதவீதம் பேர் நோய்க்கு மாறுவார்கள் என்று எதிர்பார்த்தே இத்தகைய ஆய்வுகள் திட்டமிடப்பட்டன. ஆனால் மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களில் ஆண்டுக்கு 4.5 சதவீதம் பேரே மாறினர். மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம். மருந்து உதவவில்லை. அத்துடன், முன்கணிப்பு எண் தவறினால் ஆய்வின் அடித்தளமே ஆட்டம் காணும் என்பதும் தெரிந்தது.

இதனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் உயிரிக் குறிப்பான்களுக்கு இடம் கூடியது. 2011இல் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனமும் அல்சைமர் சங்கமும் வெளியிட்ட வரையறை, அல்சைமர் நோயால் ஏற்பட்ட இலேசான குறைபாடு என்ற தனிப் பிரிவை ஏற்படுத்தியது. ஊடுருவும் சோதனை இன்றி இரத்தத்திலேயே டௌ புரதத்தின் மாறிய வடிவங்களை அளக்கும் முறைகள் 2020ஐ ஒட்டி முதிர்ச்சி பெற்றன. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அறிகுறிகள் உள்ள 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக அமிலாய்டு படிவைக் கணிக்கும் இரத்தச் சோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி அளித்தது.

மருந்திலும் மாற்றம் வந்தது. அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. இலேசான குறைபாடோ இலேசான மறதிநோயோ உடைய, அமிலாய்டு உறுதிசெய்யப்பட்ட 1795 பேரிடம் 18 மாதங்கள் சோதிக்கப்பட்டது அது. 18 புள்ளி அளவுகோலில் மருந்தற்றோருக்கு 1.66 புள்ளி சரிவும், மருந்து பெற்றோருக்கு 1.21 புள்ளி சரிவும் ஏற்பட்டன. சரிவு மெதுவாகிறது; நிற்பதில்லை. மருந்து பெற்றோரில் 12.6 சதவீதத்தினருக்கு மூளைவீக்கம் படத்தில் தென்பட்டது. அப்போ-ஈ நான்காம் வகையின் இரு படிகள் உடையோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இன்று சொல்லக் கூடியது

அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, இலேசான அறிதிறன் குறைபாடு 60 முதல் 64 வயதினரில் 6.7 சதவீதமும், 80 முதல் 84 வயதினரில் 25.2 சதவீதமும் காணப்படுகிறது. இக்குறைபாடு உள்ள 65 வயதைக் கடந்தோரில் இரண்டு ஆண்டுகளில் 14.9 சதவீதம் பேர் மறதிநோய்க்கு ஆளாகிறார்கள். அதாவது நூற்றில் எண்பத்தைந்து பேருக்கு அந்தக் காலத்தில் மறதிநோய் வருவதில்லை.

எனவே முன்கணிப்புச் சோதனைக்கு முன் செய்யவேண்டிய முதல் பணி, திருத்தக்கூடிய காரணங்களைத் தேடுவது: தைராய்டு, வைட்டமின் பி12, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, செவித்திறன் குறைவு, உட்கொள்ளும் மருந்துகள். ஆறு மாதம் அல்லது ஓர் ஆண்டு கழித்து மீண்டும் தேர்வு வைப்பதும் அவசியம். ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைவிட இரு மதிப்பெண்களுக்கு இடையிலான மாற்றம் கூடுதல் செய்தி தரும். இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது பயனளிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 9361 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தவர்களிடம் இலேசான அறிதிறன் குறைபாடு ஏற்படுவது சுமார் 19 சதவீதம் குறைந்தது. மறதிநோயைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் உறுதியான முடிவு கிடைக்கவில்லை.

அறிகுறியே இல்லாதவரிடம் இரத்தச் சோதனை மட்டும் நோயைக் காட்டினால் அவரை நோயாளி என்று அழைக்கலாமா என்பதில் வல்லுநர்கள் இரு அணிகளாக நிற்கின்றனர். அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் குழு 2024இல் வெளியிட்ட வரையறை நோயை உயிரியல் அடையாளத்தால் வரையறுக்கிறது. பன்னாட்டுப் பணிக்குழு என்ற மற்றொரு குழு, அறிகுறியும் சேர்ந்தால்தான் நோய் என்கிறது. அடையாளம் மட்டும் உள்ளவர் நோய் வரும் வாய்ப்பு கூடியவர் என்றே அது கருதுகிறது. இது சொற்களைப் பற்றிய தகராறு மட்டும் அன்று. நோயாளி என்று பெயர் பெற்றவரின் வேலை, காப்பீடு, குடும்பத்தில் அவர் சொல்லுக்கு உள்ள மதிப்பு ஆகியவை அந்தப் பெயரோடு மாறக்கூடும்.

மறுபுறம், அறிந்துகொள்ள விரும்புபவருக்கு அதை மறைப்பதும் சரியன்று. முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதே சொத்து, மருத்துவம், பராமரிப்பு பற்றிய தம் விருப்பத்தைச் சொல்லிவைக்க இடைநிலைக் காலமே உகந்தது. கிராலின் காலத்தில் மருத்துவர் தீங்கற்றது அல்லது தீயது என்று இரண்டில் ஒன்றைச் சொல்ல முயன்றார். இன்றைய மருத்துவர் சொல்லக்கூடிய நேர்மையான விடை வேறு: உங்களைப் போன்ற வயதும், மதிப்பெண்ணும், சோதனை முடிவும் உடைய, உங்களைப் போலவே மருத்துவமனைக்கு வந்த நூறு பேரில் இத்தனை பேருக்கு இத்தனை ஆண்டுகளில் நோய் வந்தது, இத்தனை பேருக்கு வரவில்லை, நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அடுத்த ஆண்டுத் தேர்வு இன்னும் சற்றுத் தெளிவாகக் காட்டும்.